அட்மிரல்: கடல் பின்னால் சேர்ந்த சொல்

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் ஆறில்லாத ஒரு பாலம் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரெத்தோ ஆற்றின் மேல் கட்டிய கற்பாலம் அது. கூர்முனை வளைவுகள், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்து இறங்கும் நடைபாதை. பின்னாளில் ஆற்றை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். பாலம் மட்டும் தரைமேல் தங்கிவிட்டது. 1860 மே 27 அன்று இத்தாலியத் தளபதி கரிபால்டியின் தொண்டர்படை பலெர்மோவுக்குள் நுழைந்தபோது இந்தப் பாலத்தில்தான் சண்டை மூண்டது. இதன் பெயர் ‘போந்தே தெல் அம்மிராலியோ’, அதாவது அட்மிரலின் பாலம்.

அந்த அட்மிரல் அந்தியோக்கியாவின் ஜார்ஜ். கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்த கிறித்தவர், சிரியாவிலிருந்து வந்தவர், அரபி நன்கு தெரிந்தவர். முதலில் வட ஆப்பிரிக்காவின் மஹ்தியா நகரை ஆண்ட சிரித் வம்சத்துத் தமீமிடம் கணக்கு வழக்குகளைக் கவனித்தார். 1108-ல் தமீம் இறந்ததும் அடுத்து வந்தவரிடம் உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்தார். நகரமே வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இருந்த நேரம் பார்த்து, மாலுமி உடையில் சிசிலிக் கப்பலொன்றில் ஏறித் தப்பியதாக அரபு எழுத்தாளர் அத்-திஜானி எழுதுகிறார். சிசிலியை அப்போது ஆண்டவர்கள் பிரான்சின் வடகரையிலிருந்து வந்த நார்மன்கள். அவர்களிடம் வரிவசூல் அதிகாரியாகத் தொடங்கிய ஜார்ஜ், இரண்டாம் ரோஜர் அரசரின் முதன்மை அமைச்சராக உயர்ந்தார். 1146-ல் திரிப்போலியைப் பிடித்தார். 1147-ல் அவருடைய கப்பல்கள் கோர்ஃபுத் தீவைக் கைப்பற்றின. தீப்ஸ், கொரிந்து நகரங்களைச் சூறையாடிப் பட்டு நெசவாளர்களைச் சிறைபிடித்து வந்தன. 1148-ல், வேடமிட்டுத் தப்பிய அதே மஹ்தியாவுக்குள் வென்றவராக நுழைந்தார்.

கப்பற்படையை நடத்தியவர், பட்டமும் அட்மிரல் என்றால் பொருத்தம்தானே என்று தோன்றும். ஆனால் அவருடைய பட்டத்தில் கடல் இல்லை, கப்பலும் இல்லை. உலகமெங்கும் கடற்படை அதிகாரத்தின் உச்சியைக் குறிக்கும் இந்தச் சொல், பிறந்து நெடுங்காலம்வரை கடலோடு உறவில்லாமலே இருந்தது. அதிகாரம் முதலில் வந்தது. கடல் பிறகு வந்து சேர்ந்தது. இந்த வரிசையைக் கவனிக்காமல் விட்டால், பின்னாளில் அட்மிரால்டி என்ற பெயரில் நீதிமன்றங்கள் ஏன் எழுந்தன, அவற்றில் ஒன்று சென்னைக் கரைக்கு ஏன் வந்தது என்பதெல்லாம் விளங்காது.

வேர் அரபி என்பதில் ஐயமில்லை. அலிஃப், மீம், ரா என்ற மூன்றெழுத்து வேர் ஆணையிடுதலைக் குறிக்கும். ஆணையிடுகிறவர் அமீர். பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்த மீர் என்பது அதன் சுருக்கம். மிர்சா என்பது அமீரின் மகன் என்ற பொருளுடைய சொல்லின் சுருக்கம். சிக்கல் வேரில் இல்லை, வாலில் இருக்கிறது. அமீர் என்பதன் பின்னால் அந்த லகரம் எப்படி ஒட்டியது?

பல அகராதிகளிலும் பொதுக் கட்டுரைகளிலும் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வரும். அரபியில் ‘அமீர் அல்-பஹ்ர்’ என்றால் கடலின் தலைவர். ‘அல்’ என்பது பெயர்ச்சொல்லின் முன்னால் ஒட்டிவரும் சிறு இடைச்சொல். ஐரோப்பியர் அந்தத் தொடரைக் கேட்டு, கடலைக் குறிக்கும் பஹ்ரைக் கைவிட்டு, ‘அமீர்-அல்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்த விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. கடலை உதிர்த்துவிட்டுக் கடலதிகாரியின் பெயர் நின்றது என்பது நினைவிலும் நன்றாகத் தங்கிவிடும். ஆனால் பழைய ஆவணங்களோடு வைத்துப் பார்த்தால் இது தேறாது என்பதே என் கருத்து.

சிசிலியின் மிகப் பழைய லத்தீன் ஆவணங்களில் இருக்கும் வடிவம் அமிராத்துஸ், அம்மிராத்துஸ். கிரேக்க ஆவணங்களில் அமேராஸ். இரண்டிலும் லகரம் இல்லை. அமீர் என்ற சொல்லோடு அந்தந்த மொழியின் விகுதியைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே. லகரத்தோடு வரும் வடிவம் பழைய பிரெஞ்சில் தெரிகிறது. அங்கேயும் அதற்குக் கடற்பொருள் இல்லை. சுமார் 1100-ஐச் சேர்ந்த ‘ரோலண்டின் பாடல்’ என்ற காவியத்தில் பலிகாந்த் என்ற முஸ்லிம் பேரரசனுக்கு இந்தப் பட்டம் உண்டு. அவன் கப்பலில் வந்திறங்குகிறான் என்றாலும் போரிட்டு மடிவது தரையில். அவன் ஒரு நாட்டை ஆளும் அமீர். ஆங்கிலத்திலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் நுழைந்தபோது கீழைநாட்டு முஸ்லிம் தலைவன் என்ற பொருளிலேயே நுழைந்தது.

அரபுக் கப்பற்படைத் தலைவர்களின் பெயர்களையும் பார்க்க வேண்டும். முஸ்லிம் ஸ்பெயினில் அவர்களைக் ‘காயித் அல்-உஸ்தூல்’, அதாவது கப்பற்படைத் தளபதி என்று அழைத்தார்கள். உஸ்தூல் என்பதே கிரேக்கத்தின் ‘ஸ்தோலோஸ்’ என்ற சொல்லின் அரபு வடிவம். நடுநிலக் கடலில் சொற்கள் ஒருவழியாக மட்டும் ஓடவில்லை.

அப்படியானால் அந்த ‘அல்’? ஐரோப்பியர் காதில் விழுந்த அரபுப் பட்டங்கள் பல: அமீர் அல்-உமரா, அமீர் அல்-மூமினீன். இரண்டாவது பட்டம் இறைநம்பிக்கையாளர்களின் தலைவர் என்று பொருள்படும், கலீபாக்களுக்குரியது. அதையே ஒற்றைச் சொல்லாக விழுங்கி ‘மிராமோலின்’ என்று லத்தீன் நாளாகமங்கள் எழுதின. இப்படிப் பல பட்டங்களிலும் வந்த ஓசை ஒரு காரணம். லத்தீனில் ஏற்கெனவே ‘-ஆலிஸ்’ என்று முடியும் சொற்கள் ஏராளம் என்பது இன்னொரு காரணம். ஆங்கில வடிவத்தில் டகரம் நுழைந்த கதையும் இப்படித்தான். வியத்தல் என்ற பொருளுடைய ‘அத்மிராரி’ என்ற லத்தீன் வினையோடு இச்சொல்லைக் குழப்பிக்கொண்டதால் அமிரல் அட்மிரல் ஆயிற்று. பிரெஞ்சும் இத்தாலியும் அந்த எழுத்தை ஏற்கவில்லை. ஸ்பானியமும் போர்த்துகீசமும் ‘அல்’லைத் தலையில் வைத்து அல்மிராந்தே ஆக்கிக்கொண்டன.

இனி சிசிலிக்குத் திரும்பலாம். உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. அரபியர் இரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட பலெர்மோ நகரம் 1072 ஜனவரியில் நார்மன்கள் கையில் விழுந்தது. பிடித்தவர்கள் சில ஆயிரம் பேர். நகரத்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வரிக்கணக்குகள் அரபியில் இருந்தன. ஏடுகளைக் காத்த திவான் அரபு முறையில் இயங்கியது. ஆட்சி ஓட வேண்டுமானால் நகர மக்களுக்குப் பழகிய பெயரோடு ஒருவர் வேண்டியிருந்தார். எனவே நகர ஆளுநருக்கு நார்மன்கள் வைத்த பெயர் அமீர். பிரெஞ்சு ஆய்வாளர் லெயோன்-ரொபேர் மெனாஜே 1960-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பதவியை ஆவணம் ஆவணமாகத் தொடர்ந்து சென்றார். பலெர்மோவின் அமீர் பதவி நகர நிர்வாகத்தில் பிறந்தது என்பதை அந்நூலுக்குப் பிறகு மறுப்பது எளிதல்ல.

ஜார்ஜுக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் கிறிஸ்தோதூலோஸ் என்ற கிரேக்கப் பெயருடையவர். அவருக்குக் கீழே வளர்ந்து அவரையும் தாண்டிச் சென்ற ஜார்ஜ், 1132-ல் ‘அம்மிராத்துஸ் அம்மிராத்தோரும்’ ஆனார், அதாவது அமீர்களின் அமீர். இது அமீர் அல்-உமரா என்ற அரபுப் பட்டத்தின் நேர்பெயர்ப்பு. பாக்தாதில் 936-ல் இபின் ராயிக் என்ற தளபதி, அப்பாசியக் கலீபாவைப் பெயரளவில் வைத்துக்கொண்டு படையையும் கருவூலத்தையும் தன் கையில் எடுத்தபோது பெற்ற பட்டமும் அதுவே. கிரேக்க ஆவணங்களில் ஜார்ஜ் ‘அர்க்கோன்களின் அர்க்கோன்’, அதாவது தலைவர்களின் தலைவர். ஒரே மனிதர், மூன்று மொழி, மூன்று பட்டம். மூன்றிலும் கடலைத் தேடினால் கிடைக்காது.

1143-ல் அவர் எழுப்பிய தேவாலயம் இன்றும் பலெர்மோவில் இருக்கிறது. முறையான பெயர் சாந்தா மரியா தெல் அம்மிராலியோ. மக்கள் வாயில் மர்த்தொரானா. உள்ளே ஒரு மொசைக்கில் கன்னி மரியாள் நிற்க, அவர் காலடியில் ஜார்ஜ் முழங்காலும் கையும் தரையில் படியக் குனிந்து கிடக்கிறார். உடம்பு ஆமையோடு போல வளைந்திருக்கிறது. வெண்தாடியும் முகமும் மட்டும் மேல்நோக்கி நிற்கின்றன. பல நகரங்களை நடுங்கவைத்தவரின் உருவம் இப்படித்தான் தங்கியிருக்கிறது. 1184 டிசம்பரில் பலெர்மோவுக்கு வந்த ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் பயணி இபின் ஜுபைர், இதை ‘அந்தியோக்கியரின் தேவாலயம்’ என்று குறிப்பிட்டு அதன் பொன்வேலைப்பாட்டில் மனம் பறிகொடுத்ததை ஒளிக்காமல் எழுதினார்.

ஜார்ஜ் 1151-ல் இறந்தார். அடுத்து அமீர்களின் அமீரான பாரி நகரத்து மாயோ, என் வாதத்துக்கு முடிவான சான்று. 1154 முதல் 1160-ல் கொலையுண்டு விழும்வரை அரசாட்சியையே கையில் வைத்திருந்த இவர், கப்பற்படை நடத்திப் பெயர் வாங்கியவரே அல்லர்; எழுத்தராகத் தொடங்கி அரசரின் செயலகத்தில் வளர்ந்தவர். பட்டம் கடற்படைக்குரியது என்றால் இவருக்கு அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள். மாயோவின் வீழ்ச்சிக்குப் பிறகுதான் திருப்பம் வருகிறது. ‘அமீர்களின் அமீர்’ என்ற பேரதிகாரத்தின் மேல் பிரபுக்களுக்கு வெறுப்பு மூண்டிருந்தது, பட்டம் சுருங்கியது. 1170களின் பிற்பகுதியில் மொவாக்கின் வால்ட்டர் என்பவர் அரசரின் ‘நற்பேறுடைய கப்பற்படையின் அம்மிராத்துஸ்’ என்று கையெழுத்திடுகிறார். அம்மிராத்துஸ் என்று மட்டும் சொன்னால் போதாது, எதன் அம்மிராத்துஸ் என்றும் சொல்லவேண்டியிருந்தது. அந்த அடைமொழி தேவையில்லாமல் போன நாளே இன்றைய அட்மிரல் பிறந்த நாள். தேதி போட்டுச் சொல்ல முடியாத பிறப்பு அது. 13ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் நிகழ்ந்து முடிந்துவிட்டது.

பரவியது விரைவாக. சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் தம் அட்மிரல்களை ஜெனோவாக்காரர்களிலிருந்து எடுத்தார். கூலிக்குக் கப்பலோட்டிய ஜெனோவாக்காரர்கள் சொல்லையும் சுமந்துகொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போனார்கள். பிரான்சில் 1270-ன் சிலுவைப் போருக்கு ஃபுளோரான் தெ வாரென் அட்மிரல் ஆனார். போர்ச்சுகலில் 1317-ல் தினிஸ் அரசர் ஜெனோவாவின் மனுவேல் பெசான்யாவை அழைத்து அல்மிராந்தே ஆக்கினார். ஸ்பெயினின் காஸ்தீலில் அறிஞர் எனப்பட்ட அரசர் அல்ஃபோன்சோ தொகுப்பித்த சட்டநூலில் அல்மிராந்தேக்கு ஒரு சடங்கே உண்டு: இரவெல்லாம் கோயிலில் கண்விழிப்பு, மறுநாள் அரசர் கையால் மோதிரம், வாள், கொடி. 1492 ஏப்ரல் 17 அன்று கொலம்பஸோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் அவர் முதலில் கேட்டு வாங்கியது பெருங்கடலின் அல்மிராந்தே என்ற பட்டம். அதைத் தம் மரபினருக்கும் உரியதாக்கிக்கொண்டார். கோழிக்கோட்டிலிருந்து திரும்பிய வாஸ்கோ ட காமாவும் இந்தியக் கடலின் அல்மிராந்தே ஆனார். அந்தக் கடலோ யாருக்கும் பட்டா எழுதித்தரப்படாமல் பல நாட்டுக் கலங்கள் ஓடிய கடல்.

இங்கிலாந்தில் 1297-ன் ஓர் உடன்படிக்கை வில்லியம் டி லேபர்னை ‘இங்கிலாந்து அரசரின் கடலின் அட்மிரல்’ என்கிறது. அடைமொழி இங்கும் தொற்றி நிற்பதைக் கவனிக்கலாம். அதன்பின் நடந்தது மற்ற நாடுகளில் இவ்வளவு அழுத்தமாக நடக்கவில்லை: அட்மிரல் நீதிபதியானார். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அவருக்கென்று நீதிமன்றம் எழுந்தது. கடற்கொள்ளை, கப்பல் மோதல், மாலுமியின் கூலி, கரையொதுங்கிய சரக்கு எல்லாம் அங்கே வந்தன. கரைநாட்டு வழக்கங்களை வைத்துத் தீர்க்க முடியாத வழக்குகள் இவை. கப்பல் ஒரு நாட்டது, சரக்கு இன்னொரு நாட்டது, மாலுமி மூன்றாம் நாட்டவன். எனவே உரோமச் சட்டம் படித்தவர்கள் அமர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். கட்டணமும் பறிமுதலும் வருமானமாயின. வருமானம் எல்லை மீறத் தூண்டியது. நாடாளுமன்றம் 1389-லும் 1391-லும் சட்டமியற்றி அட்மிரலைக் கடலுக்குள் தள்ளியது. இரண்டாவது சட்டப்படி, பேராறுகளில் நிற்கும் பெரிய கப்பல்களில் கொலையோ உறுப்பிழப்போ நிகழ்ந்தால் அட்மிரல் விசாரிக்கலாம். ஆனால் கடலுக்கு அருகிலுள்ள பாலங்களுக்குக் கீழ்ப்புறத்தில் மட்டும். பாலத்துக்கு மேலே நிலத்தின் சட்டம், கீழே அட்மிரலின் சட்டம்.

அந்த நீதிமன்றத்தின் செங்கோல் ஒரு வெள்ளித் துடுப்பு. கொள்ளையரைத் தேம்ஸ் கரையில் வாப்பிங்குக்குத் தூக்கிலிடக் கொண்டுபோகும்போது அது ஊர்வலத்தின் முன்னே சென்றது. நீர்மட்டத்தின் எல்லையில் தூக்குமரம். மூன்று முறை அலையேற்றம் மூடிய பிறகே உடலை எடுப்பார்கள். தண்டனையும் அட்மிரலின் எல்லைக்குள்ளேயே நிறைவேற வேண்டும் என்ற பிடிவாதம் அது.

1628-ல் பக்கிங்ஹாம் பிரபு கொலையுண்டபோது பேரட்மிரல் பதவி முதன்முறையாக ஒரு குழுவின் கைக்குப் போனது. பெயர் ஓர் ஆளிடமிருந்து கழன்று ஓர் அலுவலகத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. அட்மிரால்டி என்றால் இனிக் கட்டடம், கோப்பு, மேசை. 1964-ல் பாதுகாப்பு அமைச்சகத்தோடு கலக்கும்வரை பிரிட்டனின் கடற்படையை அந்த மேசையே ஆண்டது.

அந்தப் பெயர் சென்னைக்கு வந்தது போருக்காக அல்ல, ஏகபோகத்துக்காக. 1683-ல் இரண்டாம் சார்லஸ் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனம், உரோமச் சட்டம் கற்ற ஒருவரும் வணிகர் இருவரும் அமரும் கடல்சார் நீதிமன்றங்களை நிறுவ அனுமதித்தது. மதராசில் அது 1686-ல் தொடங்கியது. மறு ஆண்டு சர் ஜான் பிக்ஸ் என்ற சட்டம் கற்ற நீதிபதி வந்தார். கம்பெனியின் ஏகபோகத்தை மீறிச் சொந்தமாக வணிகம் செய்த ஆங்கிலேயரின் கப்பல்களைப் பறிமுதல் செய்வது முதன்மை நோக்கம். அப்போது மதராசில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட, கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகள் சரக்கைக் கரை சேர்த்தன. துறைமுகமில்லாத ஊரில் கப்பலைக் கட்டிப்போடும் நீதிமன்றம் முதலில் வந்துவிட்டது.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகம் இருக்கும் மாளிகையைப் பலரும் கிளைவ் வீடு என்று அறிவார்கள். அதன் மற்றொரு பெயர் அட்மிரால்டி ஹவுஸ். அங்கிருந்து சில கிலோமீட்டரில், ராயப்பேட்டையில், ஆர்க்காட்டு இளவரசரின் அமீர் மகால் இருக்கிறது. 1855-ல் கர்நாடக நவாபு பட்டம் முடிவுக்கு வந்தபின் அந்தக் குடும்பத்துக்கு விக்டோரியா அரசி அளித்த பட்டம் அமீர்-இ-ஆர்க்காட். ஒரே அரபுச் சொல் இந்த ஊருக்கு இரு வழியில் வந்திருக்கிறது. ஒன்று, பாரசீக அரசவை வழியாக, வடிவம் குலையாமல். மற்றது பலெர்மோ, ஜெனோவா, லண்டன் என்று சுற்றி, வாலில் லகரமும் நடுவில் டகரமும் பெற்று. இரண்டு வாசலிலும் பெயர்ப்பலகையைப் படித்தவர்கள் எத்தனை பேர் உறவைக் கண்டுகொண்டார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சட்டத்தில் இந்தப் பெயரின் ஆட்சி நீடித்தது. 1984-ல் எம்.வி. எலிசபெத் என்ற வெளிநாட்டுக் கப்பல், ஏற்றிய சரக்குக்கு உரிய ஆவணம் கொடுக்காமல் கோவாவின் மர்மகோவாவிலிருந்து புறப்பட்டது. பின்னர் விசாகப்பட்டினத்துக்கு வந்தபோது அதைக் கைது செய்தார்கள். கப்பலைக் கைது செய்வதென்றால் உண்மையிலேயே கைதுதான்; கப்பலே எதிர்வாதி. இந்திய நீதிமன்றங்களின் அதிகாரம் 1861-ன் ஆங்கிலச் சட்டத்தோடு நின்றுவிட்டது, ஏற்றுமதிச் சரக்குக்கு அது பொருந்தாது என்று கப்பல்காரர்கள் வாதிட்டார்கள். 1992-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சுதந்திர நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு அயலாட்சிக் காலச் சட்டம் எல்லைக்கோடு ஆகாது என்ற அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. 2017-ல் வந்து 2018 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் பழைய ஆங்கிலச் சட்டங்களை நீக்கியது. தலைப்பில் அட்மிரால்டி என்ற சொல் மட்டும் நீங்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் இன்றும் அந்தப் பெயராலேயே கப்பல்களை நிறுத்துகிறது.

மற்றவர்கள் இந்த அதிகாரத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்த்தாலும் நிலமே முந்திக்கொண்டு நிற்கிறது. 1729-ல் மறைந்த மராத்தியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்ரேயின் பட்டம் சர்கேல். பாரசீகத்தில் அது குதிரைப்படைக் கூட்டத்தின் தலைவனைக் குறித்தது. மலாய் மொழியில் அட்மிரலுக்கு லக்சமானா. மலாக்கா சுல்தான்களின் காலத்தில் ஹாங் துவா தாங்கிய அந்தப் பட்டம் இராமனின் தம்பி இலக்குவனின் பெயரேதான். அண்ணனின் ஆணையைத் தவறாத தம்பியைக் கப்பற்படைத் தலைவனுக்கு முன்மாதிரியாக வைத்தார்கள். மலேசிய, இந்தோனேசியக் கடற்படைகள் அந்தப் பட்டத்தை இன்றும் வைத்திருக்கின்றன. உஸ்மானியத் துருக்கியரோ இத்தாலியிலிருந்து ‘கபுதான்’ என்ற சொல்லை எடுத்துக் கபுதான் பாஷா என்றார்கள். அமீர் என்பதோடு கடலை வெளிப்படையாகச் சேர்த்தது அக்பரின் ஆட்சி. அபுல் ஃபசலின் அயினி அக்பரியில் வரும் மீர் பஹ்ரி அலுவலகம் படகு, மாலுமி, ஆற்றுத்துறை, சுங்கம் ஆகியவற்றைக் கவனித்தது. அதன் பொறுப்பு பெரும்பாலும் ஆறுகளில்தான்.

தமிழில் மாலுமி என்பதே அரபு ‘முஅல்லிம்’, அதாவது ஆசான். கப்பலுக்கு வழி கற்பிப்பவர். சுக்கான் அரபு. நாகுதா பாரசீகம், கப்பலின் உடையவர். இவை வாணிகர்களோடும் கப்பலாட்களோடும் நேரே நம் துறைகளில் வந்திறங்கி, வேற்றுச்சொல் என்ற நினைப்பே இல்லாமல் கலந்துவிட்டன. அதே கடலில் அதே மக்களிடமிருந்து அமீர் கப்பலேறி வரவில்லை. அதிகாரத்தின் சொல் ஆங்கிலச் சீருடையோடுதான் நமக்குக் கடற்சொல்லாயிற்று. தமிழ் நாளிதழ்களில் கடற்படைத் தளபதி, அட்மிரல் இரண்டும் கலந்து வரும். இலங்கையிலும் அப்படியே. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர்களுக்கும் ஓர் அட்மிரால்டி ஹவுஸ் இருந்தது. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் தம்பி ரியர் அட்மிரல் சார்லஸ் ஆஸ்டின் 1852-ல் பர்மாவில் போரின்போது நோயுற்று இறந்து திருகோணமலையில்தான் அடக்கமானார்.

மாலுமி வேடத்தில் ஜார்ஜ் தப்பி ஓடிய மஹ்தியா இன்று துனிசியாவின் கடற்கரை நகரம். அந்த நாட்டின் கடற்படை உயர் அதிகாரியை அரபு நாளிதழ்கள் ‘அமீரால்’ என்று எழுதுகின்றன. அமீர் என்ற தம் சொந்தச் சொல் அவர்களிடம் இருக்கிறது. கடற்படைக்கு மட்டும், பிரெஞ்சு வழியாகத் திரும்பி வந்த, அந்த லகரம் ஒட்டிய வடிவம்.